நாடியும் மலையேற்றமும்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

ஆடி அமாவாசைக்குத் தாணிப்பாறையிலிருந்து சதுரகிரி ஏறி மகாலிங்கத்தைத் தரிசிப்பதும், புரட்டாசிச் சனிக்கிழமைகளில் ஸ்ரீவில்லிபுத்தூரை அடுத்த திருவண்ணாமலையில் படியேறிப் பெருமாளைச் சேவிப்பதும் இப்பக்கத்து மக்களுக்குத் தலைமுறை தலைமுறையாக வந்த வழக்கம். பக்தியோடு கூடிய இந்தத் தேகப் பிரயாசை நன்மை பயப்பதே. எனினும், இருதயத் துடிப்பைப் பற்றி நம்மிடையே வேரூன்றிவிட்ட சில அபிப்பிராயங்கள் அந்நன்மையைக் குறைப்பதோடு, சில சமயம் உயிருக்கே அபாயமாகவும் முடிவதால், அவற்றை ஆராய்ந்து தெளிவது அவசியமாகிறது.

நம்பிக்கை: வியர்வை கொட்டினால்தான் அது தேகப்பயிற்சி.

உண்மை: இழை அறாமலிருக்கக் காற்றில் ஈரம் ஏற்றிவைக்கும் ராஜபாளையத்து நூற்பாலைக்குள், சும்மா நிற்பவரின் சட்டையும் நனைந்துவிடும். வியர்வை, சரீரம் தன் உஷ்ணத்தைத் தணித்துக்கொள்ளும் உபாயமேயன்றி உழைப்பின் அளவு அன்று. புழுக்கத்தில் தோலுக்கும் அதிக இரத்தத்தை அனுப்ப வேண்டியிருப்பதால், அதே நடைக்கு இருதயம் கூடுதலாகத் துடிக்கிறது. ஆதலால் வெயில் காலத்தில் வேகத்தைக் குறைப்பதே விவேகம்.

நம்பிக்கை: 220-இலிருந்து வயதைக் கழித்தால் வருவதே ஒருவருடைய உச்சத் துடிப்பு.

உண்மை: அது பலருடைய சராசரியேயன்றி, தனி மனிதருக்குரிய பிரமாணம் அன்று. ஐம்பது வயதினருக்கு அக்கணக்கு 170 என்று கூறினாலும், மெய்யான உச்சம் பத்துப் பன்னிரண்டு துடிப்பு கூடியோ குறைந்தோ இருப்பது சகஜம். இரத்தக் கொதிப்புக்காக அட்டெனலால், மெட்டோபுரோலால் போன்ற மாத்திரைகளை உண்போருக்கு, மருந்தே துடிப்பை அடக்கிவிடுவதால், இக்கணக்கு பொருந்தவே பொருந்தாது.

நம்பிக்கை: நெஞ்சு படபடக்க ஏறினால்தான் பலன்.

உண்மை: உச்சத் துடிப்பில் 64 முதல் 76 சதவீதம் வரை செல்லும் மிதமான பயிற்சியே பெரும்பாலோர்க்குப் போதும், 170 உச்சமுடையவருக்கு அது ஏறக்குறைய 109 முதல் 129 வரை. அத்தகைய பயிற்சியை வாரத்திற்கு 150 முதல் 300 நிமிடம் செய்யுமாறு உலக சுகாதார நிறுவனம் 2020-இல் அறிவுறுத்தியது. மணிக்கட்டில், கட்டைவிரலின் அடிப்பக்கத்தில், இரு விரல்களை வைத்து 15 விநாடி எண்ணி நான்கால் பெருக்கினால் துடிப்பு தெரிந்துவிடும். எண்ணவும் வழியில்லையெனில் மூச்சே சாட்சி: சதுரகிரிப் பாதையிலுள்ள வழுக்குப்பாறையில் ஏறுகையில் உடன் வருபவரோடு பேச முடிந்து, ஆனால் பாட முடியாதிருந்தால் பயிற்சி மிதமானது, நாலைந்து சொற்களுக்குள் மூச்சு வாங்கினால் கடுமையானது.

நம்பிக்கை: வருஷத்திற்கு ஒருமுறை ஏறுவதற்கு முன்பயிற்சி எதற்கு?

உண்மை: ஆண்டு முழுதும் அமர்ந்தே தொழில் செய்தவர், திடீரென்று செங்குத்தான ஏற்றத்தை மேற்கொள்ளும்போதுதான் மாரடைப்பின் அபாயம் மிகுகிறது, நாள்தோறும் நடப்பவருக்கோ அது வெகுவாகக் குறைகிறது. ஆகவே சித்திரையிலேயே தினம் அரைமணி நடையைத் தொடங்கி, சிறுகச் சிறுக மேட்டுப் பாதைக்குப் பழகுவதும், இருதய நோயோ நீரிழிவோ உடையவர்கள் முன்னதாக வைத்தியரைக் கலந்துகொள்வதும், வழியில் நெஞ்சு பாரமாகவோ தாடையிலும் கையிலும் வலியாகவோ தோன்றிய கணமே நின்று உதவி கோருவதும், மலையேறும் ஒவ்வொருவரும் தம்மை எதிர்பார்த்து வீட்டில் காத்திருப்போருக்குச் செய்ய வேண்டிய கடமையாகும்.