பழைய சி.ஆர்.ஓ. வாங்கப் போகிறீர்களா?

மல்டிமீட்டர் ஒன்று, சால்டரிங் அயர்ன் ஒன்று, பிரெட்போர்டு ஒன்று. எலக்ட்ரானிக்ஸ் படிக்கும் நம் நண்பர்கள் பலருடைய வீட்டு 'லேப்' இந்த மூன்றோடு நின்றுவிடுகிறது. அடுத்து என்ன வேண்டும் என்று யாரைக் கேட்டாலும் சி.ஆர்.ஓ. என்பார்கள். (கேதோடு ரே ஆஸிலோஸ்கோப் என்று முழுப்பெயர் சொல்லி லேபில் யாரும் கேட்டு வாங்கியதாகத் தெரியவில்லை!) பவர் சப்ளையை மல்டிமீட்டரில் தொட்டால் 5 வோல்ட் என்று காட்டும். அதன்மேல் 100 ஹெர்ட்ஸ் ரிப்பிள் ஏறி உட்கார்ந்திருப்பதைச் சொல்லாது. சி.ஆர்.ஓ. சொல்லிவிடும். வாரத்துக்கு மூன்று மணி நேரம், ஒரு மேஜைக்கு ஐந்து பேர் என்று முட்டி மோதி நாப் திருப்பினால் வராத பழக்கம், வீட்டில் ஒரு மாதம் உருட்டினால் தானாக வந்துவிடும்.

புதிய டிஜிட்டல் ஸ்கோப் இன்று முன்பு போல எட்டாக்கனி இல்லை. ஆனாலும் டிப்ளமோ படிக்கிறவர் கையில் அந்தப் பணம் மொத்தமாகச் சேர நாளாகும். அதனால் பழையது தேடுகிறோம். தேடுகிறவர் கடைக்காரரிடம் கேட்கும் முதல் கேள்வி "எத்தனை மெகாஹெர்ட்ஸ்?" இரண்டாவது கேள்வி "எவ்வளவு?" இந்த இரண்டுக்கும் முன்னால் கேட்க வேண்டியவை வேறு இரண்டு: "டியூப் எப்படி இருக்கு? எர்த் இருக்கா?" முதல் கேள்வி உங்கள் பணத்தைக் காப்பாற்றும். இரண்டாவது உங்களையே காப்பாற்றும்.

மெகாஹெர்ட்ஸ் மயக்கம்

பேனலில் 20 மெகாஹெர்ட்ஸ் என்று எழுதியிருந்தால், 20 மெகாஹெர்ட்ஸ் சைன் அலையைக் கொடுக்கும்போது உண்மையான உயரத்தில் 70.7 சதவீதம்தான் திரையில் தெரியும் என்று அர்த்தம். அதாவது 3 டெசிபெல் இறக்கம். ஐந்தில் ஒரு பங்கு, 4 மெகாஹெர்ட்ஸ் வரை என்றால் குறைவு 2 சதவீதத்துக்குள் அடங்கிவிடும். சதுர அலை பார்ப்பவர்களுக்கு இன்னொரு கணக்கு: 0.35ஐ பேண்ட்வித்தால் வகுத்தால் ரைஸ் டைம். 20 மெகாஹெர்ட்ஸ் ஸ்கோப்புக்கு 17.5 நானோ செகண்ட். இதைவிட வேகமான விளிம்பைக் கொடுத்தாலும் திரையில் 17.5தான் வரும். அது ஸ்கோப்பின் விளிம்பு, உங்கள் சர்க்யூட்டின் விளிம்பு அல்ல.

இது நமக்குப் போதுமா? ஆடியோ ஆம்ப்ளிஃபயர், 555 டைமர், 50 முதல் 100 கிலோஹெர்ட்ஸில் ஓடும் எஸ்.எம்.பி.எஸ்., 455 கிலோஹெர்ட்ஸ் ஐ.எஃப்., 9600 பாட் சீரியல் (ஒரு பிட் 104 மைக்ரோ செகண்ட்) எல்லாமே தாராளமாகத் தெரியும். எஃப்.எம். ரேடியோவின் 10.7 மெகாஹெர்ட்ஸ் ஐ.எஃப். கூட 12 சதவீதம் குட்டையாக, ஆனால் தெளிவாகத் தெரியும். மைக்ரோகன்ட்ரோலரின் 16 மெகாஹெர்ட்ஸ் கிளாக் மட்டும் சதுரமாக வராது. மூலை மழுங்கி சைன் அலை போல நிற்கும். கிளாக் ஓடுகிறதா இல்லையா என்று பார்க்க அதுவே போதும். நல்ல டியூப் உள்ள 20 மெகாஹெர்ட்ஸ் செட், மங்கிய டியூப் உள்ள 100 மெகாஹெர்ட்ஸ் செட்டைவிட எத்தனையோ மேல். இரண்டு சேனல் மட்டும் கட்டாயம். இன்புட்டையும் அவுட்புட்டையும் சேர்த்துப் பார்க்க முடியாத ஸ்கோப் பாதி ஸ்கோப்தான்.

எந்த மாடல்?

நம் பாலிடெக்னிக் லேப்களில் அதிகம் பார்த்திருப்பது, ஜெர்மனியின் ஹாமெக் டிசைனில் இந்தூரில் தயாரான சயன்டிஃபிக் எச்.எம்.203 வகை. 20 மெகாஹெர்ட்ஸ், இரண்டு சேனல், போனஸாக ஒரு காம்பொனென்ட் டெஸ்டர். என் ஓட்டு இதற்கே. உள்ளே இருப்பது சாதாரண டிரான்ஸ்ஃபார்மர் வைத்த லீனியர் பவர் சப்ளை. பெரும்பாலான பாகங்கள் நம்ம ஊர்க் கடையிலேயே கிடைக்கும். சர்க்யூட் படத்தோடு மேனுவலும் கிடைக்கும். ஆப்லாப் 20 மெகாஹெர்ட்ஸ் செட், ஹிட்டாச்சி வி-212 போன்றவையும் இதே ரகம்தான்.

டெக்ட்ரானிக்ஸ் என்றால் தனி மரியாதை. 1972இல் வந்த 465 (100 மெகாஹெர்ட்ஸ்) இன்றும் உயிரோடு உலவுகிறது. மேனுவலில் ஒவ்வொரு டெஸ்ட் பாயின்ட்டிலும் என்ன அலை வர வேண்டும் என்று படமே போட்டிருப்பார்கள். அதைப் படிப்பதே ஒரு படிப்பு. சப்ளை லைனில் இருக்கும் டான்டலம் கெப்பாசிட்டர்கள் ஷார்ட் ஆவது அதன் பிரபலமான வியாதி, மருந்தும் சுலபம். ஆனால் 2465 போன்ற 300 மெகாஹெர்ட்ஸ் மாடலில் கம்பெனியே தனக்காகச் செய்துகொண்ட ஐ.சி.க்கள் இருக்கின்றன. ஹாரிசாண்டல் அவுட்புட் ஐ.சி. போனால் இன்னொரு செத்த செட்டைத் தேடித்தான் கழற்ற வேண்டும். முதல் ஸ்கோப்பாக அது வேண்டாம்.

1980களில் வந்த ஸ்டோரேஜ் ஸ்கோப்களில் ஒரு கண்ணி இருக்கிறது. உதாரணமாக டெக்ட்ரானிக்ஸ் 2230. அனலாக்கில் 100 மெகாஹெர்ட்ஸ். ஸ்டோரேஜில் போட்டால் செகண்டுக்கு 2 கோடி சாம்பிள்தான். ஒரே ஒரு முறை வந்து மறையும் பல்ஸைப் பிடிக்க வேண்டுமென்றால் 2 மெகாஹெர்ட்ஸுக்கு மேல் அதை நம்ப முடியாது. மைக்ரோகன்ட்ரோலர், சீரியல் பஸ் என்று அப்படிப்பட்ட சிக்னல்களையே பார்க்கப் போகிறவர், பழைய ஸ்டோரேஜ் செட்டில் பணத்தைப் போடாமல் இன்னும் சில மாதம் சேர்த்துப் புதிய டிஜிட்டல் வாங்குவதே புத்திசாலித்தனம்.

கடையில்...

பிக்சர் டியூப் டி.வி. போனதோடு வேலையில்லாமல் நிற்கும் சர்வீஸ் கடை ஸ்கோப், கம்பெனிகள் ஏலம் விட்டது, கல்லூரிகள் கண்டம் பண்ணியது எல்லாம் சுற்றிச் சுற்றிப் பழைய பொருள் கடைகளுக்கு வந்து சேரும். சென்னையில் ரிச்சி தெரு, பெங்களூரில் எஸ்.பி. ரோடு, மும்பையில் லேமிங்டன் ரோடு பக்கம் நாலு கடை ஏறி இறங்கலாம். போகும்போது ஒரு மல்டிமீட்டர், புதிய பென்டார்ச் செல் ஒன்று, நல்ல புரோப் ஒன்று எடுத்துப் போங்கள்.

"அண்ணே, கொஞ்சம் ஆன் பண்ணிக் காட்டுங்க."

"எல்லாம் வேலை செய்யும் தம்பி. கம்பெனி பீஸ். கோடு வருது பாரு!"

கோடு வந்தால் போதுமா? ஆன் பண்ணுவதற்கு முன்பே பார்க்க வேண்டியது இரண்டு உண்டு. பிளக்கின் பெரிய பின்னுக்கும், முன்னால் இருக்கும் பி.என்.சி. சாக்கெட்டின் வெளி வளையத்துக்கும் இடையே மல்டிமீட்டரை வையுங்கள். ஒரு ஓமுக்குள் காட்ட வேண்டும். ஓபன் என்றால் யாரோ எர்த்தை வெட்டியிருக்கிறார்கள். ஏன் வெட்டுகிறார்கள் என்பதைப் பிறகு சொல்கிறேன். அடுத்து பின்பக்க வோல்டேஜ் செலக்டர். வெளிநாட்டு செட் 115 வோல்ட்டில் நின்றால், நம் 230ஐக் கொடுத்த நிமிஷமே கதை முடிந்தது.

ஆஃபில் இருக்கும்போதே திரையைச் சாய்த்து வெளிச்சத்தில் பாருங்கள். நடுவில் பழுப்பாக ஒரு கோடோ புள்ளியோ தெரிந்தால் பாஸ்பர் எரிந்துவிட்டது. பிறகு ஆன் செய்து இன்டென்சிட்டியை மெதுவாக ஏற்றுங்கள். நல்ல டியூபில் நாப் பாதி வழி போவதற்குள்ளேயே ஊசி போல மெல்லிய கோடு வரும். முழுக்கத் திருகினால்தான் தெரிகிறது, அதுவும் தடித்துப் போய்த் தெரிகிறது என்றால் டியூபுக்கு வயசாகிவிட்டது. இன்டென்சிட்டியை ஏற்றும்போது படமே பெரிதாகி விரிந்தால் கோளாறு ஹை வோல்டேஜ் பகுதியில்.

இன்னும் கறாரான சோதனை ஒன்று. முன் பேனலில் கேலிபிரேட்டர் என்று ஒரு சின்ன முனை இருக்கும், பெரும்பாலும் 1 கிலோஹெர்ட்ஸ் சதுர அலை. அதை இன்புட்டில் கொடுத்து, டைம் பேஸை டிவிஷனுக்கு 1 மைக்ரோ செகண்டுக்குக் கொண்டுபோய், ட்ரிகரை நார்மலில் போடுங்கள். இப்போது ஒவ்வொரு மில்லி செகண்டிலும் 10 மைக்ரோ செகண்ட் மட்டுமே பீம் திரையில் ஓடுகிறது. நூறில் ஒரு பங்கு நேரம்! திரையைக் கையால் மறைத்து நிழல் செய்து பார்த்தால் கோடு தெரிகிறதா? தெரிந்தால் டியூப் திடமானது. காணாமலே போனால், ரெசிஸ்டர், கெப்பாசிட்டர், டிரான்சிஸ்டர் எல்லாம் மாற்றலாம், டியூபை மட்டும் மாற்ற முடியாது என்பதை நினைத்துக்கொண்டு, "இன்னொரு நாள் வர்றேண்ணே" என்று நடையைக் கட்டுங்கள்.

டியூப் பாஸானால் மற்றவை. டிசி கப்ளிங்கில் டிவிஷனுக்கு 0.5 வோல்ட் வைத்து பென்டார்ச் செல்லைத் தொட்டால் கோடு மூன்று கட்டம் துள்ளி ஏற வேண்டும். புதிய செல் 1.5க்குக் கொஞ்சம் மேலே இருக்கும், அதனால் மல்டிமீட்டரில் அளந்துகொண்டு ஒப்பிடுங்கள். வழக்கமாக 3 சதவீதம் வரை வித்தியாசம் அனுமதி. எட்டு கட்டத்தில் கால் கட்டம். இரண்டு சேனலும் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள்.

டைம் பேஸைச் சோதிக்கக் கரண்டே போதும். எர்த் சரி என்று பார்த்தாகிவிட்ட செட்டில், புரோப் முனையை விரலால் தொட்டால் நம் உடம்பே ஆன்டெனா ஆகி 50 ஹெர்ட்ஸ் ஹம் வரும். ட்ரிகரை லைனில் வைத்து, டிவிஷனுக்கு 2 மில்லி செகண்ட் போட்டால் ஒரு முழு அலை சரியாகப் பத்து கட்டம். 1990களில் இந்தச் சோதனை நம் பக்கம் ஏமாற்றும்; அப்போது தென்னக மின்தொகுப்பு 48 ஹெர்ட்ஸை ஒட்டித் தள்ளாடிய நாட்கள் அதிகம், நல்ல ஸ்கோப்பும் பத்தரைக் கட்டம் காட்டும். 2013 டிசம்பர் 31 அன்று தென்னகத் தொகுப்பு நாட்டின் மற்ற தொகுப்போடு இணைந்தது. இன்று 50ஐ ஒட்டியே நிற்பதால் தைரியமாக நம்பலாம்.

சுவிட்சுகளை ஒவ்வொரு படியாகத் திருப்புங்கள். கோடு குதித்தால், கரகரத்தால் பயப்பட வேண்டாம். கான்டாக்ட் கிளீனர் அடித்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். கோடு லேசாகச் சாய்ந்திருந்தாலும் கவலை இல்லை, அது பூமியின் காந்தப்புலம் செய்யும் வேலை. பேனலில் ட்ரேஸ் ரொட்டேஷன் என்ற ஓட்டையில் ஸ்க்ரூ டிரைவர் விட்டு நேராக்கிவிடலாம். இந்தக் குறைகளை எல்லாம் முகத்தில் காட்டாமல் மனதில் குறித்துக்கொள்ளுங்கள், பேரம் பேசும்போது பயன்படும்! செட்டை அப்படியே ஓடவிட்டு அரை மணி நேரம் டீ சாப்பிட்டு வாருங்கள். சூடானதும் கோடு திரையைவிட்டே ஓடிப்போகும் செட்டுகள் உண்டு. அவை பெரும்பாலும் முதல் ஐந்து நிமிடம் மட்டும் நல்ல பிள்ளையாக நடந்துகொள்ளும்.

எர்த்தை வெட்டாதீர்கள்

புரோப்பின் முதலை கிளிப் ஸ்கோப்பின் பாடியோடும், பாடி சுவரின் எர்த்தோடும் இணைந்தது. எஸ்.எம்.பி.எஸ். பிரைமரியில் பிரிட்ஜுக்குப் பின்னால் 230 வோல்ட் சுமார் 325 வோல்ட் டிசி ஆகிறது. அந்தப் பக்க நெகட்டிவ் எர்த் அல்ல. அங்கே கிளிப்பை மாட்டினால் டயோடு வழியாக நேர் ஷார்ட், டமால்! இந்த டமாலைத் தவிர்க்கத்தான் சில மெக்கானிக்குகள் ஸ்கோப்பின் எர்த் பின்னை வெட்டுகிறார்கள். டமால் நின்றுவிடும். ஆனால் இப்போது ஸ்கோப்பின் பாடி, சாக்கெட், கழன்ற நாப்பின் ஸ்க்ரூ எல்லாமே லைவ். ஈரக் காலோடு தொட்டால் என்ன ஆகும் என்று எழுத வேண்டியதில்லை. வெட்டிய செட்டை வாங்கினால் வீட்டில் செய்யும் முதல் வேலை, புதிய மூன்று கோர் கேபிள் போடுவது.

பிரைமரியைப் பார்க்க வேண்டுமென்றால், பார்க்கப்படும் போர்டை ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மரில் போடுங்கள், ஸ்கோப்பை அல்ல. அது இல்லையென்றால் இரண்டு புரோப்பையும் பத்து மடங்கில் வைத்து, கிளிப் எதையும் மாட்டாமல், ஒரு சேனலை இன்வர்ட் செய்து ஆட் மோடில் பாருங்கள். இரண்டு முனைகளின் வித்தியாசம் மட்டும் வரும். நம் பல வீடுகளில் சுவரில் மூன்று ஓட்டை இருக்கும், பின்னால் எர்த் வயர் இருக்காது. எலக்ட்ரீஷியன் அண்ணனைக் கூப்பிட்டு அதையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

பல வருஷம் தூங்கிய செட்டை வீட்டில் உடனே நேரடியாகப் போடாதீர்கள். எச்.எம்.203 போன்ற டிரான்ஸ்ஃபார்மர் செட் என்றால் 100 வாட் குண்டு பல்பு உள்ள சீரியஸ் லாம்ப் போர்டில் போடுங்கள். பல்பு பளிச்சென்று எரிந்து மங்கினால் நல்லது. பிரகாசமாகவே நின்றால் உள்ளே ஷார்ட். (எஸ்.எம்.பி.எஸ். வைத்த செட்டுக்கு இந்த வித்தை சரிவராது.) மூடியைத் திறந்தால் மெயின்ஸ் நுழையும் இடத்தில், ஒளி ஊடுருவும் உறையில் விரிசல் விட்ட பேப்பர் கெப்பாசிட்டர் இருக்கிறதா என்று பாருங்கள், இருந்தால் புகையோடு வெடிப்பதற்கு முன் மாற்றிவிடுங்கள். டியூபின் பக்கம் மட்டும் கை போகக் கூடாது. எச்.எம்.203இல் சுமார் 2,000 வோல்ட், 465இல் சுமார் 18,000 வோல்ட். ஆஃப் செய்த பிறகும் சார்ஜ் நிற்கும்.

கடைசியாக புரோப். பழைய செட்டோடு பெரும்பாலும் புரோப் வராது, அதற்குத் தனியாகப் பணம் எடுத்து வையுங்கள். வெறும் வயரும் ஒரு மடங்கு புரோப்பும் சர்க்யூட்டின் தலையில் 100 பிகோஃபாரடை ஏற்றிவிடும். ஆஸிலேட்டர் நின்றே போகலாம். பத்து மடங்கு புரோப் என்றால் 10 மெகாஓம், 15 பிகோஃபாரட் அளவோடு போகும். வாங்கியதும் கேலிபிரேட்டரில் மாட்டி, புரோப்பில் இருக்கும் சின்ன ட்ரிம்மரை பிளாஸ்டிக் ஸ்க்ரூ டிரைவரால் திருப்புங்கள். சதுரத்தின் மூலை கொம்பு முளைத்தாலும் தப்பு, வழுக்கையானாலும் தப்பு. தட்டையாக நிற்கும் இடத்தில் விட்டுவிடுங்கள். புரோப்பை அடுத்த சேனலுக்கு மாற்றினால் இதை மறுபடி செய்ய வேண்டும்.