வழிபாட்டிடமும் அண்டை வீடுகளும்

முன்னுரை

திருச்சிராப்பள்ளி மலைக்கோட்டையைச் சுற்றி ஒரு மாலைப் பொழுதில் நடந்தால் தாயுமானவர் கோயிலையும், லூர்து அன்னை ஆலயத்தையும், நத்தர்வலி தர்காவையும் கால் வலிக்காமல் கண்டு திரும்பலாம். இவை நெடுங்காலமாக அருகருகே இருந்து வருகின்றன. ஆனால் புறநகர்த் தெரு ஒன்றில் புதிய வழிபாட்டிடம் ஒன்று எழுந்துவிட்டால் உடனே மனுவும் எதிர்மனுவும் எழுவதைக் காண்கிறோம். இது ஏன்? குடியிருப்போரின் கவலைகளுள் எவை நியாயமானவை, எவை நியாயமற்றவை? இவ்விரண்டையும் பிரித்தறியும் அளவுகோல் ஏதேனும் உண்டா? எங்கள் ஊரில் நான் நேரில் கண்டதையும், நீதிமன்றங்கள் தீர்த்த இரு வழக்குகளையும் கொண்டு இதனை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஊரும் தெருவும்

நான் எடமலைப்பட்டி புதூரில் வளர்ந்தவன். திருச்சி சந்திப்பு நிலையத்திற்குத் தென்புறத்தே, மதுரை செல்லும் சாலையை ஒட்டி அமைந்தது எங்கள் ஊர். 1994-ஆம் ஆண்டில் ஸ்ரீரங்கம், பொன்மலை நகராட்சிகளையும் இணைத்துக்கொண்டு திருச்சி மாநகராட்சியாக உயர்ந்தது. எங்கள் ஊரும் இன்று மாநகராட்சி எல்லைக்குள் இருக்கிறது. 2025-ஆம் ஆண்டில் அருகிலுள்ள பஞ்சப்பூரில் புதிய பேருந்து முனையம் வந்தபின் எல்லோர் கண்ணும் இப்பக்கம் திரும்பியிருக்கிறது. ஆயினும் எங்கள் தெரு பாதி நகரம், பாதி கிராமம் என்றே சொல்ல வேண்டும். மாடு ஓட்டிச் செல்பவரும் மடிக்கணினிப் பையுடன் வேலைக்குச் செல்பவரும் ஒருவருக்கொருவர் ஒதுங்கி வழிவிட்டுத்தான் அதில் நடக்க முடியும்.

அத்தெருவின் நடுவில் வீடாக இருந்த கட்டடம் ஒன்று சில ஆண்டுகளுக்கு முன் வழிபாட்டு மன்றமாக மாறியது. அது எந்தச் சமயத்தைச் சேர்ந்தது என்பதை நான் இங்கு எழுதவில்லை. இது மறதியால் நேர்ந்ததன்று. சமயத்தின் பெயரை அறிந்தபின் வாசகர் தம் தீர்ப்பை மாற்றிக்கொள்வாராயின், அத்தீர்ப்பு நீதியின் பாற்பட்டதாகாது அல்லவா?

மனு பிறந்த கதை

தொடக்கத்தில் சிலரே வந்து அமைதியாக வழிபட்டுச் சென்றனர். கூட்டம் பெருகியபோது மைக் செட் வந்தது. பின்னர் மாடியில் குழாய் ஒலிபெருக்கி ஏறியது. வழிபாட்டு நாட்களில் தெருவின் இருபுறமும் இரு சக்கர வண்டிகள் நின்றன. ஒருநாள் இரவு எங்கள் அப்பாயிக்கு மூச்சுத் திணறல் கண்டது. 108 வண்டி தெருமுனை வரையில் வந்து, அதற்கு மேல் வர இயலாமல் நின்றுவிட்டது. அப்பாவும் பக்கத்து வீட்டு அண்ணனும் அப்பாயியை நாற்காலியில் வைத்துத் தூக்கிக்கொண்டு ஓடினர். நான் வண்டிகளை ஒவ்வொன்றாக நகர்த்தி வழி செய்தேன். அப்பாயி பிழைத்து வீடு திரும்பினார். ஆனால் என் சினம் தணியவில்லை.

அடுத்த வாரமே தெருவில் ஒரு மனு தயாராயிற்று. கல்லூரியில் படிப்பவன் என்பதால் எழுதும் பொறுப்பு என்னிடம் வந்தது. நான்கு பக்கம் எழுதினேன். தினமும் நள்ளிரவு வரை சத்தம் என்றும், வெளியூரார் வந்து தெருவைக் கெடுக்கிறார்கள் என்றும், இவ்விடத்தையே மூடிவிட வேண்டும் என்றும் எழுதினேன். எங்கள் தெருவிலேயே வாழும் ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவரிடம் அதைக் காட்டியபோது அவர் மூன்று கேள்விகள் கேட்டார். “எந்தெந்தக் கிழமை, தம்பி? எத்தனை மணி வரைக்கும்? நீ கேட்பது சத்தம் குறைய வேண்டும் என்றா, ஆட்கள் போக வேண்டும் என்றா?” எனக்கு விடை தெரியவில்லை. மனுவை மடித்து வைத்துவிட்டு ஒரு குறிப்பேடு வாங்கினேன்.

இரு வழக்குகள்

இத்தகைய குறைகளை நம் நீதிமன்றங்கள் எவ்வாறு அணுகியுள்ளன என்று தேடிப் படித்தபோது எனக்கு இரு வழக்குகள் வழிகாட்டின.

முதலாவது, சென்னை மாதவரம் நெடுஞ்சாலைப் பகுதியில் எழுந்தது. அங்கே கே.கே.ஆர். மெஜஸ்டிக் காலனி என்னும் குடியிருப்புக்கு அருகில் ‘சர்ச் ஆஃப் காட்’ என்னும் முழுநற்செய்திச் சபையின் செபக்கூடம் இருந்தது. அங்கு ஒலிபெருக்கியும் மேளக் கருவிகளும் பயன்படுத்தப்பட்டன. குடியிருப்போர் நலச்சங்கம் 1996-இல் மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் முதலிய அதிகாரிகளிடம் முறையிட்டது. பின்னர் உயர்நீதிமன்றம் சென்றது. ஒலி வாகனங்களால் எழுவது என்றும், வழக்கின் பின்னே சமயக் காழ்ப்பு இருக்கிறது என்றும் சபையினர் வாதிட்டனர். தங்களுக்கு வழிபாட்டு உரிமை உண்டு என்பதும் அவர்கள் வாதம். 1999-இல் உயர்நீதிமன்றம் ஒலியை அனுமதிக்கப்பட்ட அளவுக்குள் கொண்டுவர நடவடிக்கை எடுக்குமாறு ஆணையிட்டது. 30.8.2000 அன்று உச்சநீதிமன்றம் அதனை உறுதி செய்தது. பிறர் அமைதியைக் கெடுத்து வழிபட வேண்டும் என்று எச்சமயமும் விதிக்கவில்லை என்பது அத்தீர்ப்பின் சாரம். இங்கே நாம் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. நீதிமன்றம் செபக்கூடத்தை மூடச் சொல்லவில்லை. ஒலியைக் குறைக்கத்தான் சொன்னது.

இரண்டாவது வழக்கு நமக்கு இன்னும் அருகிலுள்ளது. 1995-இல் பழைய திருச்சி மாவட்டத்திலிருந்து பிரிந்த பெரம்பலூர் மாவட்டத்தில் வி.களத்தூர் என்னும் ஊர் உள்ளது. அவ்வூர்க் கோயில்களின் திருவிழா ஊர்வலங்கள் இசுலாமியர் மிகுதியாக வாழும் தெருக்களின் வழியாகச் செல்வதற்கு 2012 முதல் எதிர்ப்பு எழுந்து, வழக்காயிற்று. 2021-ஆம் ஆண்டில் சென்னை உயர்நீதிமன்றம் அவ்வெதிர்ப்பை ஏற்க மறுத்தது. பொதுத்தெரு எல்லோர்க்கும் பொது. ஒரு தெருவில் மிகுதியாக வாழும் சமயத்தார் பிற சமயத்தாரின் விழாவைத் தடுக்கலாம் என்றால், நாட்டின் பெரும்பாலான இடங்களில் சிறுபான்மையினர் தம் விழாக்களை நடத்தவே முடியாது போகும் என்பதை நீதிமன்றம் சுட்டிக்காட்டியது.

இவ்விரு வழக்குகளையும் அருகருகே வைத்துப் பார்த்தால் உண்மை விளங்கும். முதல் வழக்கில் குடியிருப்போர் எவ்வளவு ஒலி என்று கேட்டனர், வென்றனர். இரண்டாம் வழக்கில் எழுந்த எதிர்ப்பு, யார் இவ்வழியே செல்வது என்பதைப் பற்றியது; அது நிற்கவில்லை. முன்னதற்கு விடை அளவையில் உள்ளது. பின்னது, ஒருவர் மற்றவரைச் சகிக்க மறுப்பதில் பிறக்கிறது. இதுவே நான் தேடிய அளவுகோல்.

ஒலியின் கணக்கு

ஒலி மாசு (ஒழுங்குமுறை மற்றும் கட்டுப்பாடு) விதிகள் 2000-ஆம் ஆண்டில் நடுவணரசால் இயற்றப்பட்டன. குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவில் 45 டெசிபல் என்பது அவற்றின் வரம்பு. இரவு என்பது 10 மணி முதல் காலை 6 மணி வரை. ஒலிபெருக்கி வைக்க எழுத்து மூலமான அனுமதி வேண்டும். பண்பாட்டு, சமய விழாக்களுக்காக ஆண்டுக்கு 15 நாட்களுக்கு மிகாமல் நள்ளிரவு 12 மணி வரை மாநில அரசு தளர்வு அளிக்கலாம். ஒலி வரம்பைவிட 10 டெசிபலோ அதற்கு மேலோ மிகுந்தாலும், இரவுக் கட்டுப்பாடு மீறப்பட்டாலும் குடிமக்கள் எவரும் புகார் செய்யலாம். இவ்விதிகளில் எந்தச் சமயத்தின் பெயரும் இல்லை.

டெசிபல் கணக்கு சாதாரணக் கூட்டல் கணக்கன்று. 10 டெசிபல் கூடினால் ஒலியின் ஆற்றல் பத்து மடங்காகிறது. 20 கூடினால் நூறு மடங்காகிறது. எனவே 45 இருக்க வேண்டிய இடத்தில் 65 இருந்தால், கொஞ்சம்தானே கூடுதல் என்று கூறுவது அறியாமையாகும். திறந்த வெளியில் ஒலிக்கும் கருவியிலிருந்து நாம் இரட்டிப்புத் தொலைவுக்கு விலகும்போதெல்லாம் ஏறத்தாழ 6 டெசிபல் குறையும். குழாய் ஒலிபெருக்கியோ ஒலியை ஒரே திசையில் குவித்து அனுப்புவது. ஆகவே அதனை மாடியிலிருந்து இறக்கிவிட்டு, கூடத்தினுள் சிறிய பெட்டிகளை வைத்தாலே பாதித் தொல்லை தீரும். இதற்குச் சட்டத்தைக் காட்டிலும் மைக் செட்காரரின் ஒத்துழைப்பே போதுமானது. கைப்பேசியில் உள்ள ஒலியளவுச் செயலிகள் தோராயமாகவே காட்டும். அவற்றைச் சான்றாகக் கொள்ள இயலாது என்பதையும் நண்பர்கள் நினைவிற்கொள்க.

இடமும் வழியும்

அடுத்தது இடம் பற்றிய கவலை. வீட்டை வழிபாட்டிடமாக மாற்றுவதற்கு அனுமதி வேண்டுமா? 1997-ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் கட்டட விதிகள், பொது வழிபாட்டுக்கான கட்டடத்துக்கு மாவட்ட ஆட்சியரின் முன் ஒப்புதல் வேண்டும் என்றன. பொது அமைதி குலையும் என்று கருதினால் அவர் மறுக்கலாம். 2019-இல் ஊராட்சிக்கும் நகரத்துக்கும் பொதுவாக ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் வந்தன. அனுமதி பெற்றே கட்ட வேண்டும் என்ற கோட்பாடு மாறவில்லை. பொது இடத்தைப் பொறுத்தவரை, தெருவிலும் பூங்காவிலும் புதிதாகக் கோயிலோ, தேவாலயமோ, பள்ளிவாசலோ, குருத்துவாராவோ அனுமதியின்றிக் கட்டக்கூடாது என்று 29.9.2009 அன்று உச்சநீதிமன்றம் ஆணையிட்டது. நான்கையும் ஒரே வரிசையில் நிறுத்தியதே அவ்வாணையின் சிறப்பு.

அரசியலமைப்பின் 25-ஆம் பிரிவு ஒவ்வொருவருக்கும் சமய உரிமை அளிக்கிறது. ஆனால் பொது ஒழுங்கு, ஒழுக்கநெறி, உடல்நலம் ஆகியவற்றுக்கு உட்பட்டே அளிக்கிறது. மூச்சுத் திணறும் ஒரு மூதாட்டிக்கு 108 வண்டி வருவதும் அந்த உடல்நலத்தில் அடங்கும் என்பதே என் கருத்து.

குறிப்பேடு கற்பித்த பாடம்

ஒரு மாத காலம் நான் நாள், கிழமை, மணி ஆகியவற்றைக் குறித்து வந்தேன். நான் மனுவில் எழுதியது போலத் தினமும் நள்ளிரவு வரை சத்தம் இருக்கவில்லை. வாரத்தில் இரண்டு நாட்களே தொல்லை. அதிலும் பத்து மணியைத் தாண்டியது சில நாட்களே. ஆனால் வண்டிகள் வழியை அடைப்பது தவறாமல் நடந்தது. எனவே பெரிய குறை ஒலியன்று, வழியே என்று தெரிந்தது.

அம்மாதத்திலேயே நாங்கள் வழிபடும் இடத்தின் விழாவும் வந்தது. எங்கள் குழாய் ஒலிபெருக்கி விடியற்காலை ஐந்து மணிக்கே பாடத் தொடங்கியது. என் குறிப்பேட்டில் அதை எழுதுவதா, விடுவதா என்று நெடுநேரம் பேனாவைப் பிடித்துக்கொண்டிருந்தேன். இறுதியில் எழுதினேன். அப்பாயியிடம் இதைச் சொன்னபோது, “அவுங்க சத்தம் மட்டும் சத்தமாடா? சத்தத்தக் கொறைக்கச் சொல்லு, சாமி கும்புடுறத வேணாங்காத” என்றார். நான்கு பக்க மனுவில் இல்லாத தெளிவு அச்சொற்களில் இருந்தது.

புதிய மனு ஒரே பக்கம்தான். குழாய்களை இறக்க வேண்டும், இரவு பத்து மணிக்கு மேல் மைக் கூடாது, தெருவில் ஒரு வண்டி செல்ல வழிவிட்டு நிறுத்த வேண்டும் என மூன்றே வேண்டுகோள்கள். இவை எங்கள் விழாவுக்கும் பொருந்தும் என்று கடைசியில் சேர்த்தோம். அந்த வரிக்காகவே எங்கள் பக்கத்தார் சிலர் கையொப்பமிட மறுத்தனர். திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளுக்கு எடுத்துச் செல்லும் முன், மன்றத்தாரிடமே முதலில் அதைக் கொடுத்தோம். 108 வண்டி நின்ற கதையை அவர்கள் அதுவரை அறிந்திருக்கவில்லை. குழாய்கள் இறங்கின. வண்டிகளை ஒழுங்குபடுத்த அவர்களே ஓர் இளைஞரை நிறுத்தினர். எல்லாம் தீர்ந்துவிட்டது என்று சொல்வதற்கில்லை. கூட்டம் மிகும் நாட்களில் வழி இன்னும் நெருக்கடிதான். ஆனால் ஆட்சியரிடம் செல்ல வேண்டிய தேவை இதுவரை எழவில்லை.

முடிவுரை

இதுகாறும் கண்டவற்றால், குடியிருப்போரின் கவலைகள் பொய்யல்ல என்பதும், ஆனால் அவற்றை எவ்வாறு கேட்கிறோம் என்பதே முடிவைத் தீர்மானிக்கிறது என்பதும் பெறப்படும். ஒலி, வழி, அனுமதி ஆகிய மூன்றும் அளந்தறியக் கூடியவை. அவற்றைப் பற்றிக் கேட்கும் உரிமை நமக்கு உண்டு. யார், எவரை வழிபடுகிறார் என்பது அளவைக்கு அப்பாற்பட்டது. அதைப் பற்றிக் கேட்கும் உரிமை நமக்கு இல்லை. நண்பர்களே, உங்கள் தெருவிலும் நாளை இத்தகைய மனு ஒன்று கையொப்பத்திற்கு வரலாம். அதில் எழுதியுள்ள சமயத்தின் பெயரை அழித்துவிட்டு, உங்கள் சமயத்தின் பெயரை எழுதிப் படித்துப் பாருங்கள். அப்போதும் அது நியாயமாகத் தோன்றினால் தயங்காமல் கையொப்பமிடுங்கள்.