கோப்புகளின் வரிசையை நீங்கள்தான் சொல்ல வேண்டும்

கேள்வி: பழைய சிற்றிதழ் ஒன்றைத் தட்டெழுதி, பக்கத்துக்கு ஒரு கோப்பாக ஒரே ஃபோல்டரில் வைத்திருக்கிறேன். ஆயிரத்துக்கும் மேல் இருக்கும். 'தொகுதி2_பக்கம்10' என்பது போலப் பெயர் வைத்திருக்கிறேன். எல்லாவற்றையும் பைத்தானில் ஒவ்வொன்றாகத் திறந்து, வரிசையாகக் கோத்து, எந்தச் சொல் எங்கே முதலில் வருகிறது என்று பார்க்க வேண்டும். லிஸ்ட்டிர் கொண்டு ஃபார் லூப் எழுதினேன். பெயர்களைத் திரையில் காட்டச் சொன்னால் எல்லாம் வருகின்றன. திறக்கச் சொன்னால் அப்படி ஒரு கோப்பே இல்லை என்கிறது. ஸ்கிரிப்டையும் அதே ஃபோல்டரில் போட்டு அங்கிருந்து இயக்கியதும் திறந்தது. ஆனால் என் விண்டோஸில் ஒரு வரிசை, துறையின் லினக்ஸ் கணினியில் வேறு வரிசை. 'தொகுதி2' என்று தொடங்குபவற்றை மட்டும் எடுத்தால், தோழியின் பழைய மேக்கிலிருந்து வந்தவை விடுபடுகின்றன. என்ன செய்வது ஐயா?

— ஆய்வு மாணவி, தஞ்சாவூர்

பதில்: முதல் சிக்கல் எளிது. லிஸ்ட்டிர் பெயர்களை மட்டுமே தரும். தெருவைச் சொல்லாமல் கதவு எண்ணை மட்டும் கொடுப்பது போல. அந்தப் பெயரை ஓப்பன் கட்டளை, நீங்கள் ஸ்கிரிப்டை எந்த ஃபோல்டரிலிருந்து இயக்குகிறீர்களோ அங்கே தேடுகிறது. 2014இல் வெளியான பைத்தான் 3.4 முதல் பாத்லிப் என்ற நூலகம் உடன் வருகிறது. அதன் ஐட்டர்டிர், ஒவ்வொரு கோப்பையும் ஃபோல்டரின் பாதையோடு சேர்த்தே தரும். இனி அதையே பயன்படுத்துங்கள். ஃபோல்டரின் முழுப் பாதையைக் கொடுத்துவிட்டால், ஸ்கிரிப்டை எங்கிருந்து இயக்கினாலும் கோப்பு திறக்கும்.

வரிசைச் சிக்கல்தான் பெரிது. உங்கள் கேள்வியே 'எந்தச் சொல் முதலில் வருகிறது' என்பதால், வரிசை பிசகினால் ஆய்வின் முடிவே பிசகும். லிஸ்ட்டிர், ஐட்டர்டிர், பெயரின் அமைப்பைக் கொண்டு கோப்புகளைத் தேடும் குளோப் மூன்றுமே எந்த வரிசைக்கும் உறுதி தருவதில்லை என்று பைத்தானின் ஆவணங்களே சொல்கின்றன. வட்டில் உள்ள கோப்பு முறைமை எப்படிக் கொடுக்கிறதோ அப்படியே அவை உங்களிடம் தருகின்றன. விண்டோஸின் என்டிஎஃப்எஸ் பெயர்களை அடுக்கியே வைத்திருக்கும். லினக்ஸில் பரவலாக உள்ள எக்ஸ்ட்4, பெயரிலிருந்து கணக்கிட்ட ஒரு எண்ணைக் கொண்டு அடுக்குகிறது. நம் கண்ணுக்கு அது கலைந்த சீட்டுக்கட்டுதான். மேக்கின் பழைய எச்எஃப்எஸ் பிளஸில் பெயர் வரிசை கிடைத்தது. 2017இல் வந்த ஏபிஎஃப்எஸ்ஸில் அது கிடைப்பதில்லை.

இது எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு 2019இல் ஹவாய் பல்கலைக்கழகத்தில் வெளிச்சத்துக்கு வந்த ஒரு செய்தியைச் சொல்ல வேண்டும். வேதிச் சேர்மங்களின் என்எம்ஆர் மதிப்புகளைக் கணக்கிட, 2014இல் நேச்சர் புரோட்டோகால்ஸ் இதழில் ஒரு கட்டுரையோடு வெளியான பைத்தான் ஸ்கிரிப்டைப் பலரும் பயன்படுத்தி வந்தார்கள். அது குளோப் தந்த வரிசையை நம்பிக் கோப்புகளை ஜோடி சேர்த்தது. அதே கோப்புகளை வெவ்வேறு கணினிகளில் ஓட்டிப் பார்த்தபோது, விண்டோஸ் 10இல் 173.2, உபுண்டு 16இல் 172.4, மேக்கின் மொஹாவியில் 172.7 என்று மூன்று விடைகள் வந்தன. பிழைச் செய்தி ஒன்றுகூட வரவில்லை. அந்த ஸ்கிரிப்டைக் கொண்டு கணக்கிட்ட நூற்றுக்கும் மேற்பட்ட ஆய்வுக் கட்டுரைகளைத் திரும்பப் பார்க்க வேண்டிய நிலை உண்டானது. திருத்தமோ மிகச் சிறியது: பட்டியலை சார்ட்டட் என்ற செயற்கூறுக்குள் போட்டு அடுக்கிவிட்டுப் பிறகு லூப்பைத் தொடங்குவது.

உங்களுக்கு வெறும் சார்ட்டட் போதாது. அது எழுத்து எழுத்தாக ஒப்பிடுவதால் 'பக்கம்10' முன்னால் வரும், 'பக்கம்2' பின்னால் போகும். விண்டோஸ் எக்ஸ்ப்ளோரர் திரையில் 2, 3, 10 என்று ஒழுங்காகக் காட்டுவது அதன் சொந்த ஏற்பாடு. பைத்தானுக்கு அது தெரியாது. பெயருக்குள் இருக்கும் இரண்டு எண்களையும் ரெகுலர் எக்ஸ்பிரஷனால் எடுத்து, முழு எண்களாக மாற்றி, தொகுதி, பக்கம் என்ற ஜோடியை சார்ட்டடின் கீ-யாகக் கொடுங்கள். பழைய இதழ் என்கிறீர்கள். பக்க எண்ணைத் தமிழ் எண்களில் எழுதியிருந்தாலும் கவலை வேண்டாம். ௧௨ என்பதைப் பைத்தானின் இன்ட் 12 என்றே படிக்கும். ௰, ௱ போன்ற குறிகளை மட்டும் ஏற்காது.

விடுபடும் கோப்புகளுக்குக் காரணம் 'தொகுதி' என்ற சொல்லின் முதல் எழுத்தில் இருக்கிறது. 'தொ'வில் வரும் ஒகரக் குறியை யூனிகோடில் இரண்டு விதமாக எழுதலாம். ஒரே குறியாக வைக்கலாம். அல்லது இடப்பக்கக் கொம்பு, வலப்பக்கக் கால் என இரண்டாகப் பிரித்து வைக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். ஆனால் முதல் முறையில் 'தொகுதி' ஆறு குறியீடுகள், இரண்டாவதில் ஏழு. எச்எஃப்எஸ் பிளஸ் கோப்புப் பெயர்களைப் பிரித்த வடிவில்தான் சேமித்தது. பைத்தானுக்கு ஆறும் ஏழும் வேறு வேறு சொற்கள். அதனால்தான் தோழியின் கோப்புகள் உங்கள் வடிகட்டியில் சிக்கவில்லை. ஒப்பிடுவதற்கு முன் யூனிகோட்டேட்டா மாட்யூலின் நார்மலைஸ் கொண்டு ஒவ்வொரு பெயரையும் என்எஃப்சி வடிவுக்கு மாற்றுங்கள். கோப்புக்குள் இருக்கும் உரைக்கும் இதையே செய்யுங்கள். இல்லாவிட்டால் 'கொடு' என்ற ஒரே சொல் உங்கள் அட்டவணையில் இரண்டு சொற்களாக நிற்கக்கூடும். தமிழில் தரவுப் பணி செய்யும் எவரும் இந்த ஒரு வரியை விடக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

திறக்கும்போது என்கோடிங் யுடிஎஃப்-8 என்று எழுதியே தீர வேண்டும். எழுதாவிட்டால், ஆங்கில அமைப்பில் உள்ள விண்டோஸில் பைத்தான் வழக்கமாக 1252 என்ற பழைய குறியேற்றத்தைப் பிடித்துக்கொள்கிறது. நம் மெய்யெழுத்துப் புள்ளியின் கடைசி பைட்டுக்கு அதில் எழுத்தே கிடையாது; உரையில் முதல் மெய்யெழுத்தைத் தாண்டுமுன்பே ஸ்கிரிப்ட் நின்றுவிடும்.

மேக் தானாக உருவாக்கும் மறைகோப்புகளும் உட்ஃபோல்டர்களும் லூப்பில் வந்து விழும். இஸ்ஃபைல் என்று சோதித்து, புள்ளியில் தொடங்கும் பெயர்களைத் தவிருங்கள். பெயர் மாற்றும் எண்ணம் இருந்தால் முழுப் பட்டியலையும் முதலில் எடுத்துவிட்டுப் பிறகு மாற்றுங்கள். லூப் ஓடும்போதே ஃபோல்டரைக் கலைத்தால் எது வரும், எது விடுபடும் என்று சொல்ல முடியாது. இன்னொன்று: புதிய பெயரில் ஏற்கெனவே ஒரு கோப்பு இருந்தால் விண்டோஸ் மறுத்துவிடும், லினக்ஸில் ரீநேம் கேட்காமலே பழையதை அழித்து எழுதிவிடும். தட்டெழுதிய உழைப்பு ஒரு நொடியில் போய்விடும். ஒரு நகலை வேறு வட்டில் எடுத்து வைத்துவிட்டுத் தொடங்குங்கள்.

ஆய்வேட்டை முடிக்கும்போது இந்த ஸ்கிரிப்டையும் பின்னிணைப்பில் சேருங்கள். பைத்தானின் எந்தப் பதிப்பு, எந்த இயங்குதளம் என்பதையும் குறிப்பிடுங்கள். ஹவாயில் பிழையைக் கண்டுபிடிக்க முடிந்தது, அந்த ஸ்கிரிப்ட் எல்லோரும் ஓட்டிப் பார்க்கும்படி வெளியிடப்பட்டிருந்ததால்தான்.