நம்பிக்கைகளும் உண்மைகளும்: முரட்டு டயர் பாரம் தாங்குமா?

சுங்கை செம்பிலாங்கில் தொடங்கி ஜெராம், புக்கிட் ரோத்தான், ஈஜோக், பெஸ்தாரி ஜெயா வரை செம்பனைத் தோட்டங்களுக்கிடையே ஓடும் பிக்கப்களில் பல, பின்னால் ஒரு டிரெய்லரையும் இழுத்துக்கொண்டுதான் போகின்றன. தோட்டத்துக்குள் உர மூட்டையும் தண்ணீர்த் தொட்டியும், கடலோரத்தில் படகும் அதில் ஏறுகின்றன. இந்த வண்டிகளுக்கு டயர் மாற்றும் நாள் வந்தால் எல்லாருடைய வாயிலும் வரும் பேச்சு ஒன்றுதான்: பாரம் இழுக்கிற வண்டிக்கு முரட்டு டயர் போடு. வெட்டு ஆழமாக, பக்கச்சுவர் தடியாக, வண்டியைவிட்டு ஒரு விரல் வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் அது பலமான டயர் என்று முடிவாகிவிடுகிறது. இந்த நம்பிக்கை தவறு என்பது மட்டுமல்ல, இழுவை வண்டிக்கு ஆபத்தானதும்கூட. பாரம் தாங்கும் டயரைத் தோற்றத்தால் கண்டுபிடிக்க முடியாது. அதன் பக்கச்சுவரில் அச்சடித்திருக்கும் ஓர் எண்ணும், உள்ளே நிரப்பும் காற்றின் அளவும்தான் அதைச் சொல்லும்.

வண்டியைத் தூக்கி நிறுத்துவது டயருக்குள் அடைபட்ட காற்று. ரப்பரும் எஃகுக் கம்பிப் பட்டையும் நூலிழை அடுக்கும் அந்தக் காற்றைப் பிடித்து வைத்திருக்கின்றன. மேல்பட்டையின் வெட்டுகளுக்கு வேலை வேறு: தரையைப் பற்றுவது, தண்ணீரையும் சேற்றையும் வெளியே தள்ளுவது. ஆகவே வெட்டைப் பார்த்துப் பாரத்தை எடை போடுவதில் பொருளில்லை. நம் ஊர் பிக்கப்களில் பரவலாக இருக்கும் ஓர் அளவை எடுத்துக்கொள்வோம். பக்கச்சுவரைத் துணியால் துடைத்துப் பார்த்தால் 265/65 ஆர் 17 என்றும், அதையடுத்து 112 எஸ் என்றும் இருக்கும். முதல் பகுதி அகலம், உயரம், விளிம்பின் அளவு. அதை எல்லாரும் படிக்கிறார்கள். பலர் படிக்காமல் விடுவது அந்த 112ஐ. அதுதான் பாரக் குறியீடு. 112 என்றால் ஒரு டயர் 1,120 கிலோ தாங்கும். 110 என்றால் 1,060, 107 என்றால் 975, 104 என்றால் 900, 100 என்றால் 800 கிலோ. எஸ் என்ற எழுத்து மணிக்கு 180 கிலோமீட்டர் வரையான வேகத் தகுதி. இழுவை வண்டிக்காரருக்கு அந்த எழுத்தைவிட அதற்கு முன்னிருக்கும் எண்தான் முக்கியம்.

அந்த எண்ணின் வேலை ஒரு சின்னக் கணக்கில் தெரிந்துவிடும். இரட்டைக் கதவுள்ள பிக்கப் ஒன்று வெறுமையாக ஏறத்தாழ இரண்டு டன் இருக்கிறது, பின்னச்சின் மேல் 850 கிலோ விழுகிறது என்று வைத்துக்கொள்வோம். பெட்டியில் 50 கிலோ உர மூட்டை பத்து ஏற்றினால் 500 கிலோ. அது ஏறக்குறைய முழுவதும் பின்னச்சுக்கே போகும். பின்னிருக்கையில் இருவர் உட்கார்ந்தால் அவர்கள் எடையில் 80 கிலோ பின்னால் சேரும். இனி டிரெய்லர். சுமையோடு 1,500 கிலோ என்றால் அதன் பத்தில் ஒரு பங்கு, அதாவது 150 கிலோ, கொக்கியின் மேல் அழுந்த வேண்டும். அதற்கும் குறைந்தால் டிரெய்லர் வாலாட்டும் வாய்ப்பு கூடும். இங்கேதான் பலருடைய கணக்கு தவறுகிறது. கொக்கி இருப்பது பின்னச்சுக்கு நேர் மேலே இல்லை, அதற்கும் பின்னால் ஒன்றேகால் மீட்டர் தள்ளி. இரண்டு அச்சுகளுக்கும் இடையே சுமார் 3.1 மீட்டர். நெம்புகோல் விதிப்படி அந்த 150 கிலோ பின்னச்சில் 210 கிலோவாக இறங்குகிறது. முன்னச்சிலிருந்து 60 கிலோவைத் தூக்கிவிடுகிறது. கூட்டிப் பார்த்தால் பின்னச்சில் 1,640 கிலோ, ஒரு டயருக்கு 820. குறியீடு 112 உள்ள டயருக்கு இன்னும் 300 கிலோ இடம் இருக்கிறது. 104 உள்ள டயருக்கு 80 கிலோதான் மிச்சம், ஒரு வளைவிலோ குழியிலோ எடை ஒரு பக்கம் சாய்ந்தால் அதுவும் போய்விடும். 100 உள்ள டயர் புறப்படும் முன்பே தோற்றுவிட்டது. அழகுக்காக 20 அங்குல விளிம்புக்கு மாறுபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். 265/50 ஆர் 20 அளவில் 107 குறியீட்டோடு விற்கும் டயர்கள் உண்டு. பார்வைக்குப் பெரிய டயர், ஆனால் பழைய 17 அங்குல டயரைவிட 145 கிலோ குறைவாகத் தாங்குகிறது.

அடுத்த நம்பிக்கை பிளை பற்றியது. எட்டு பிளை, பத்து பிளை என்றால் உள்ளே அத்தனை அடுக்கு இருக்கிறது என்று நினைக்கிறோம். பருத்தி நூலால் டயர் செய்த காலத்தில் அது உண்மைதான். இன்று பத்து பிளை தகுதி பெற்ற ரேடியல் டயரின் பக்கச்சுவரில் இரண்டே அடுக்கு இருக்கலாம். இன்றைய பிளை எண் பலத்தின் தரவரிசை மட்டுமே. அந்தப் பலமும் தானாக வந்துவிடாது. இலகு லோரி வகை என்று எல்டி எழுத்துகளோடு வரும் 265/65 ஆர் 17 டயர் ஒன்றில் பாரக் குறியீடு 120 இருக்கலாம், அதாவது 1,400 கிலோ. ஆனால் அந்த 1,400 கிலோ 550 கிலோபாஸ்கல் காற்றடித்தால்தான். பழைய டயருக்கு அடித்துவந்த 240 கிலோபாஸ்கலையே இதற்கும் அடித்தால், இது பழைய டயர் தாங்கியதைவிடக் குறைவாகவே தாங்கும். அதிக விலை கொடுத்துப் பலமான டயர் வாங்கிவிட்டு, பெட்ரோல் நிலையத்தில் வழக்கமான அளவிலேயே காற்றடிப்பவர் தன் வண்டியின் தாங்குதிறனைக் காசு கொடுத்துக் குறைத்துக்கொள்கிறார். டயரை மாற்றினால் அந்தத் தயாரிப்பாளரின் பார அட்டவணையைக் கேட்டு வாங்கிக் காற்றின் அளவையும் மாற்ற வேண்டும். இதற்கு எதிர்ப்பக்கத்திலும் ஒரு தவறு நடக்கிறது: தொழிற்சாலை டயருக்குப் பக்கச்சுவரில் எழுதிய உச்ச அளவு வரை காற்றடிப்பது. அது எல்லைக்கோடு, பரிந்துரை இல்லை. பரிந்துரை ஓட்டுநர் கதவுத் தூணில் ஒட்டிய தாளில் இருக்கிறது. சுமை ஏற்றும்போது பின் டயருக்குத் தனி அளவு அதில் இருந்தால் அதைத்தான் பின்பற்ற வேண்டும். இன்னொன்றும் உண்டு. எத்தனை பலமான டயர் போட்டாலும் வண்டியின் மொத்த எடை எல்லையோ பின்னச்சின் எல்லையோ ஒரு கிலோகூட உயராது.

காற்றைப் பற்றி இவ்வளவு சொல்லக் காரணம் வெப்பம். பாரத்தால் டயர் வெடிக்கும்போது பெரும்பாலும் அதைக் கொல்வது உள்ளே சேர்ந்த சூடு. ஒவ்வொரு சுற்றிலும் பக்கச்சுவர் மடங்கி நிமிர்கிறது, மடங்கும்போதெல்லாம் சூடு பிறக்கிறது. காற்று குறைந்தால் மடிப்பு கூடும், பாரம் கூடினால் மடிப்பு கூடும், வேகம் கூடினால் மடங்கும் தடவை கூடும். மூன்றும் சேர்ந்தால் எஃகுப் பட்டை ரப்பரிலிருந்து பிரிகிறது. நம்மூர் வெயிலுக்கு டயரில் காற்றைக் குறைத்து வைக்க வேண்டும் என்ற அறிவுரை இதை நேர் தலைகீழாக்குகிறது. வெப்பம் 10 பாகை ஏறினால் டயரின் அழுத்தம் ஏறத்தாழ 11 கிலோபாஸ்கல் கூடும். தயாரிப்பாளர் அதை முன்பே கணக்கில் எடுத்துக்கொண்டுதான் குளிர்ந்த டயருக்கு அளவு சொல்கிறார். காலையில் 240 இருந்த டயர், கோலாலம்பூர் வரை போய் நிற்கும்போது 275 காட்டினால் அது இயல்பு. பயந்து 240க்கு இறக்கினால் மறுநாள் காலை அது 210க்குத்தான் இருக்கும், அந்த 210ஓடு டிரெய்லரை மாட்டிப் புறப்படுவோம். இப்பகுதியில் நம் முன்னோர் பால்மரம் வெட்டிய தோட்டங்கள் பல இன்று செம்பனையாகிவிட்டன. ஆனால் அவர்கள் எடுத்த அந்த இயற்கை ரப்பர் மடங்கும்போது குறைவாகச் சூடேறுவது என்பதால்தான், கனரக லோரி டயரிலும் விமான டயரிலும் இன்றும் அதைக் கூடுதலாகச் சேர்க்கிறார்கள்.

சூடு டயரைக் கொல்லும் என்பதற்கு உலகறிந்த சான்று ஒன்று உண்டு, அதில் மலேசியாவுக்கும் பங்கு இருக்கிறது. 2000 ஆகஸ்டில் ஃபயர்ஸ்டோன் நிறுவனம் அமெரிக்காவில் 65 லட்சம் டயர்களைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தது. ஃபோர்டு எக்ஸ்ப்ளோரரிலும் ரேஞ்சர் பிக்கப்பிலும் ஓடிய அந்த டயர்களின் மேல்பட்டை ஓட்டத்திலேயே உரிந்துபோனது. அந்த விபத்துகளில் 270க்கும் மேற்பட்டோர் இறந்ததாக அமெரிக்க அரசு கணக்கெடுத்தது. அந்த அறிவிப்புக்கு முன்பே சவூதி அரேபியாவிலும், 2000ஆம் ஆண்டின் தொடக்கத்தில் மலேசியாவிலும் தாய்லாந்திலும் ஃபோர்டு அந்த டயர்களை மாற்றிக்கொடுக்கத் தொடங்கியிருந்தது. மூன்றும் வெப்ப நாடுகள். அமெரிக்காவுக்குள்ளும் அரிசோனா, டெக்சஸ், ஃபுளோரிடா போன்ற சூடான மாநிலங்களில்தான் விபத்துகள் குவிந்தன. குற்றம் யாருடையது என்று இரு நிறுவனங்களும் மோதிக்கொண்டன. டயரின் வடிவமைப்பிலேயே குறை என்றது அரசு விசாரணை. எக்ஸ்ப்ளோரருக்கு ஃபோர்டு பரிந்துரைத்த 26 பிஎஸ்ஐ, அதாவது சுமார் 180 கிலோபாஸ்கல், மிகக் குறைவு என்றது ஃபயர்ஸ்டோன். யார் சொன்னது சரியாக இருந்தாலும், அந்த டயர்களைச் சூடும் பாரமும் வேகமும் சேர்ந்து உரித்தன என்பதில் தகராறு இல்லை. அவற்றில் ஒரு வகையின் பெயர் வில்டர்னஸ் ஏடி. காட்டுப் பாதைக்கான தோற்றத்தோடு விற்ற டயர் அது.

இங்கே தோட்டத்து ஆட்கள் ஒரு நியாயமான கேள்வியைக் கேட்பார்கள். மழைக்குப் பிறகு களிமண் பாதையில், வாய்க்கால் கரையில், ஆழம் குறைந்த வெட்டுள்ள டயர் நின்ற இடத்திலேயே சுற்றுமே, அப்போது பாரக் குறியீடு வந்து இழுக்குமா? இழுக்காது. சேற்றில் ஆழமான வெட்டு தேவை என்பதை மறுக்க முடியாது. நாள் முழுவதும் தோட்டத்துக்குள்ளேயே ஓடி, தார் ரோட்டைக் கடக்க மட்டும் செய்யும் வண்டிக்குச் சேற்று டயர் பொருத்தமே. ஆனால் அதே வண்டி வாரத்தில் சில நாள் ஐந்தாம் எண் கூட்டரசு சாலையிலோ, ஈஜோக்கில் ஏறி லத்தார் நெடுஞ்சாலையிலோ டிரெய்லரோடு ஓடுகிறது என்றால் கணக்கு மாறுகிறது. சேற்று டயரின் பெரிய கட்டிகள் தார் ரோட்டில் ஒவ்வொன்றும் நெளிகின்றன. நெளிவு சூடாகிறது, வளைவில் வண்டியின் பின்பக்கம் தளர்கிறது. ஈரத் தாரில் பிரேக் பிடிக்கும் தூரமும் நீள்கிறது. அளவையும் கூட்டி 285/70 ஆர் 17 போட்டால் சக்கரம் ஏழு விழுக்காடு பெரிதாகிறது, இழுவைக்குத் தேவையான கியர் பலம் அதே அளவுக்குக் குறைகிறது, வேகமானி உண்மையைவிடக் குறைத்துக் காட்டுகிறது. இரண்டு பாதையிலும் ஓடும் வண்டிக்கு எல்லாத் தரைக்குமான, நடுத்தர வெட்டுள்ள ஏடி வகை போதும், அதுவும் பாரக் குறியீடு தொழிற்சாலை எண்ணுக்குக் குறையாமல். சேற்றில் காற்றைக் கொஞ்சம் இறக்கினால் பிடிப்பு கூடும், இது அனுபவசாலிகள் அறிந்தது. இறக்கியவர் தார் ரோட்டில் ஏறும் முன் மறுபடி நிரப்ப வேண்டும். வண்டியின் மின்சாரத்தில் ஓடும் சிறிய காற்றடிப்பான் ஒன்று அதற்குப் போதும்.

இரண்டு டயர்தான் வாங்க முடிகிறது என்றால் புதியதை முன்னால் போடுங்கள் என்பார்கள். பின்னால்தான் போட வேண்டும். முன் டயர் வழுக்கினால் வண்டி நேராகப் போகும், ஓட்டுநர் வேகத்தைக் குறைத்து மீளலாம். பின் டயர் வழுக்கினால் வண்டி சுழலும், டிரெய்லரும் சேர்ந்து தள்ளும். டிரெய்லரின் சொந்த டயரை யாருமே பார்ப்பதில்லை. சின்னச் சக்கரம் என்பதால் அதே தூரத்துக்கு அது கூடுதலாகச் சுற்றுகிறது, மாதக்கணக்கில் வெயிலில் ஓரிடத்தில் நிற்கிறது. வெட்டு புத்தம் புதிதாகத் தெரியும், பக்கச்சுவரில் மயிரிழை வெடிப்பு ஓடியிருக்கும். பக்கச்சுவரில் நீள்வட்டத்துக்குள் இருக்கும் நான்கு இலக்கம் வயதைச் சொல்லும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரம். ஐந்து ஆண்டு தாண்டினால் ஆண்டுதோறும் கடைக்காரரிடம் சோதனை, வெட்டு எவ்வளவு மிஞ்சியிருந்தாலும் பத்து ஆண்டில் கழற்றிவிடுதல் என்பது பெரிய தயாரிப்பாளர்கள் பலர் சொல்லும் வரம்பு.

கடைசியாகக் காசு. நல்ல டயர் விலை அதிகம், லோரிகளே மறுபட்டை போட்ட செலுப் டயரில்தானே ஓடுகின்றன என்ற வாதம் எளிதில் ஒதுக்கக்கூடியது அல்ல. கூலியும் குத்தகையும் எவ்வளவு இறுக்கம் என்று எல்லாருக்கும் தெரியும். கனரக லோரியின் டயர் மறுபட்டை போடுவதற்கென்றே கட்டப்படுகிறது, கூடு சோதிக்கப்படுகிறது, எம்எஸ் 224 தரமும் சிரிம் முத்திரையும் அதற்கென இருக்கின்றன. பிக்கப்புக்கு எங்கிருந்தோ கழற்றிய பழைய டயரை வாங்கும்போது அதன் கூடு எத்தனை நாள் காற்றுக் குறைவாக ஓடியது என்று யாராலும் சொல்ல முடியாது. உள்ளே விழுந்த சேதம் வெளியே தெரியாது. இத்தனை வருஷம் ஒன்றும் ஆகவில்லையே என்பதும் அதனால்தான் சான்றாகாது. சூட்டின் சேதம் சேர்ந்துகொண்டே வந்து, அதிகப் பாரமும் அதிக வெயிலும் கூடிய ஒரு நாளில் வெளிப்படுகிறது. காசு மிச்சம் பிடிக்க வேண்டுமானால் வெட்டிலும் பெயரிலும் அகலத்திலும் பிடியுங்கள். சாதாரண வெட்டுள்ள, தொழிற்சாலை அளவிலேயே, 112க்குக் குறையாத புதிய டயர் அதே பிராண்டின் சேற்று டயரைவிட விலை குறைவு. அடுத்த முறை டயர் கடைக்குப் போகும் முன் உங்கள் வண்டியின் கதவுத் தூணிலுள்ள தாளைக் கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். கடைக்காரர் டயரை உருட்டி வந்ததும் பக்கச்சுவரில் பாரக் குறியீட்டையும் நான்கு இலக்க வயதையும் நீங்களே படித்துப் பாருங்கள். பாரக் குறியீடு தாளோடு பொருந்தவில்லை, அல்லது டயர் பழையது என்றால் வேறு டயர் கேளுங்கள்.