காமதகனக் கதையும் யாப்புப் பாடமும்

மாத்தளைப் பகுதித் தோட்டங்களிலே மாசி மாதத்தில் நிகழும் காமன் கூத்தைச் சைவப் பாடசாலை ஆசிரியர் பலர் கண்டிருப்பர். சிவபெருமானது யோகத்தைக் கலைக்கச் சென்ற மன்மதன் நெற்றிக்கண்ணால் எரிந்ததும், இரதி புலம்பி வேண்டி அவனை மீளப் பெற்றதுமே அதன் கதை. இக்கதையே கச்சியப்ப சிவாசாரியார் அருளிய கந்தபுராணத்து உற்பத்தி காண்டத்திற் காமதகனப் படலமாக அமைந்துள்ளது. ஆறு காண்டமும் 10,345 செய்யுளும் உடைய அப்பெருநூலுக்கும், தப்பொலிக்கு இயையப் பாடும் கூத்துப்பாட்டுக்கும் உறவு யாதென மாணாக்கர் வினவின், செய்யுளுறுப்புக்களைக் கொண்டே நாம் விடை கூறலாம்.

முதலாவது, சீர். விருத்தம் அளவொத்த நான்கடிகளால் வருவது. கதையிலுள்ள பெயர்களையே அலகிடச் செய்க. ‘மன்மதன்’ நேர்நிரை, கூவிளம். ‘இரதி’ நிரைநேர், புளிமா. ‘நெற்றிக்கண்’ நேர்நேர்நேர், தேமாங்காய். கூத்துப்பாட்டுக்கோ தாளமே அளவு. குறைந்தவிடத்தை நீட்டியும் மிகுந்தவிடத்தை விரைந்தும் பாடுவோர் நிரப்புவர். ஆதலின் அதனை ஏட்டிலே அலகிட்டுப் பிழையெனல் தகாது.

இரண்டாவது, தொடை. நெற்றி, வெற்றி, பற்றி, சுற்றி என முதலெழுத்து அளவொத்து நிற்க, இரண்டாமெழுத்து ஒன்றுவது எதுகை. கனல், காமன், கை என முதலெழுத்து இயைவது மோனை. விருத்தத்தில் நான்கடிக்கும் ஓரெதுகை வருதலும், எண்சீராயின் ஐந்தாஞ் சீரில் மோனை வருதலும் மரபு.

மூன்றாவது, சொல் மீண்டு வருதல். வந்த சொல்லே வேறு பொருளில் மீள்வது மடக்கு. அப்பொருளிலேயே மீள்வது சொற்பொருட் பின்வருநிலை. துயருற்றார் ஒரு சொல்லையே பன்முறை கூறி அழுதல் உலகியல்பாதலின், இரதி புலம்பலுக்கு இது பெரிதும் பொருந்தும். ஒருவர் பாட மற்றவர் வாங்கிப் பாடுமிடத்தில், மீண்டு வரும் அடி பாடுவோர்க்கு மூச்சும், ஏடில்லாதார்க்கு நினைவும் ஆகின்றது.

வாய்பாட்டை மனனஞ் செய்வித்த நாம் செவியை மறந்தோம். தப்பொலி கேட்டு வளர்ந்த தோட்டத்துப் பிள்ளையை யாப்பறியாதவன் என்றுங் கருதினோம். இது நம் குற்றமே. அப்பிள்ளை எதுகையின் பெயரை அறியான். அதன் இன்பத்தை அறிவான்.

ஆதலின், முதலில் அவன் கேட்ட மெட்டைக் கைதட்டிப் பாடச் செய்க. ஒத்த ஓசை வருமிடத்தை அவனே காட்டுக. பின்னர்க் காமதகனப் படலத்துச் செய்யுளொன்றை உரக்கப் படித்து, அவ்வோசையை அங்கும் தேடச் செய்க. இலக்கணப் பெயரை இறுதியிற் கூறுக. இவ்வாறு கற்றவன் புராணத்தைத் தனக்குரிய நூலென்றே கொள்வான்.

திருச்சிற்றம்பலம்.