தட்டை என்கிறார்களா? இடத்தைக் கேளுங்கள்

கறுப்பு-வெள்ளைப் புகைப்படக் குழுவில் என் படங்களைத் 'தட்டை' என்கிறார்கள். பிறர் படத்துக்கு எனக்கும் 'அருமை' தவிர வேறு வார்த்தை வருவதில்லை. என்ன செய்யலாம்?

தட்டை என்றால் பெரும்பாலும் படம் முழுக்கச் சாம்பல் பரவி, அடர்கறுப்பும் தூய வெள்ளையும் இல்லை என்று பொருள். "எந்த இடத்தில்?" என்று கேளுங்கள், விரல் வைத்துக் காட்டட்டும். நீங்களும் அப்படியே சொல்லுங்கள்: "நிழலில் கண் தெரியவில்லை", "பின்சுவரின் வெளிச்சம் முகத்தை அமுக்குகிறது."

புகைப்படக் கலைஞர் ஆன்சல் ஆடம்ஸ் 1941-இல் நியூ மெக்சிகோவின் ஹெர்னாண்டஸில் நிலவு எழுவதைப் படமெடுத்தார். அதே நெகட்டிவைப் பல ஆண்டுகள் அச்சிட்டவர், பிந்தைய பிரதிகளில் வானத்தை ஏறக்குறையக் கறுப்பாகவே ஆக்கிவிட்டார். அவருக்கே அத்தனை பிரதிகள் தேவைப்பட்டன!

குறை கேட்டதும் படத்தை அழிக்காதீர்கள். சொன்ன இடத்தை மட்டும் திருத்தி இன்னொரு பிரதி எடுத்து, பழையதோடு சேர்த்துக் காட்டுங்கள்.