கழிமுகத்தில் ஒரு பாடம்

தேர்வாய் கண்டிகைப் பக்கம் வாழும் நமக்குத் தண்ணீர் என்றதும் 2020-இல் திறக்கப்பட்ட நீர்த்தேக்கம் நினைவுக்கு வரும். நம் வட்டாரத்து ஆறுகள் எங்கே போய் முடிகின்றன என்று பிள்ளைகளைக் கேட்டுப் பாருங்கள். பலர் விழிப்பார்கள். ஊத்துக்கோட்டை வழியாக ஓடும் ஆரணியாறு பழவேற்காடு ஏரியில் சேர்கிறது. கொசஸ்தலையாறு எண்ணூரில் கடலைத் தொடுகிறது. ஆற்று நீரும் கடல் நீரும் கலக்கும் இவ்விடங்களே கழிமுகங்கள்.

பருவநிலை மாற்றத்தை எங்கோ உருகும் பனிப்பாறையாகவே பிள்ளைகள் படிக்கிறார்கள். பஸ் ஏறிப் போகும் தூரத்திலேயே அதைக் காட்டலாம். ஆனால் முதலில் ஆசிரியர்களுக்குப் பயிற்சி வேண்டும். அமெரிக்காவில் நோவா என்ற அரசு அமைப்பு ஆசிரியர்களைக் கழிமுகத்துக்கே அழைத்துச் சென்று, உப்பின் அளவையும் நீரின் வெப்பத்தையும் அவர்கள் கையாலேயே அளக்கவைக்கிறது.

பயிற்சி இல்லாமல் போனால் என்ன ஆகும்? காலையில் பார்த்த தண்ணீர் மதியம் ஏறியிருக்கும். "கடல் மட்டம் உயர்ந்துவிட்டது" என்பான் பையன். அது ஓதம். பிறை பார்க்கும் நம் வீடுகளில் இதை விளக்குவது எளிது: ஹிஜ்ரி மாதத்தின் முதல் பிறையையும் பதினைந்தையும் ஒட்டி ஏற்றம் பெரிதாகவும், எட்டு, இருபத்து மூன்றை ஒட்டிச் சிறிதாகவும் இருக்கும். உண்மையான கடல் மட்ட உயர்வு ஆண்டுக்குச் சில மில்லிமீட்டர்தான். 1901 முதல் 2018 வரை உலகக் கடல் சராசரியாக 20 சென்டிமீட்டர் உயர்ந்திருக்கிறது. ஒரு நாள் சுற்றுலாவில் அது கண்ணுக்குத் தெரியாது. ஆனால் புயல் நாளில் அந்த 20 சென்டிமீட்டரும் சேர்ந்தே கரையேறும்.

இன்னொன்றும் உண்டு. பழவேற்காட்டு முகத்துவாரம் மணலால் தூர்ந்துபோகும்போது கடலிலிருந்து இறால் குஞ்சுகள் உள்ளே வர முடிவதில்லை. கோடையில் ஏரியின் உப்பும் ஏறிவிடுகிறது. வலை வெறுமையாக வந்தால் அந்த வீட்டில் உலை எப்படி வைப்பது? இதற்குப் பருவநிலை மட்டுமா காரணம்? மீஞ்சூர்ப் பக்கத்துக் கிணறுகள் பல பத்தாண்டுகளுக்கு முன்பே உப்பானதற்கு நிலத்தடி நீரை அளவின்றி இறைத்ததே முக்கியக் காரணம். எண்ணூர்க் கழியில் படிந்த சாம்பல் அனல் மின் நிலையத்தினுடையது. எல்லாப் பழியையும் பருவநிலை மேல் போட்டுவிட்டால் மனிதர் செய்த தவறு தப்பித்துக்கொள்ளும். இதைப் பிரித்துச் சொல்லத் தெரிந்த ஆசிரியரே நமக்குத் தேவை.

நம் குடும்பங்களில் ஆசிரியப் பணியில் இருப்போர் பலர். மழைக்கு முன் செப்டம்பரில் ஒருமுறை, மழைக்குப் பின் ஜனவரியில் ஒருமுறை, அதே படித்துறையில் நின்று நீர்மட்டத்தையும் உப்பையும் குறித்து வையுங்கள். பிறைத் தேதியையும் நேரத்தையும் பக்கத்திலேயே எழுதுங்கள். ஊர் மீனவர் ஒருவரை உடன் அழைத்துக்கொள்ளுங்கள். சேறு எங்கே ஆழம் என்று அவருக்குத்தான் தெரியும்.